சம்ப்பில் எத்தனை அடி தண்ணீர்?

ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, கே.ஆர்.புரம், ஹூடி என்று பெங்களூரின் கிழக்குப் புறநகரில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய நம்மவர்களுக்கு மார்ச் மாதம் பிறந்ததும் ஒரு புதிய அனுஷ்டானம் ஆரம்பமாகிவிடுகிறது. காலையில் எழுந்ததும், காபிக்கு முன்பு, சுவாமி படத்துக்குக் கும்பிடு போடுவதற்கும் முன்பு, வாசலில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கிச் சம்ப்புக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். மூங்கில் கழி ஒன்று உள்ளே இறங்குகிறது. ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய பொழுதின் முகம் அமைகிறது. மூன்றடி என்றால் காபி இனிக்கும். ஓரடி என்றால் சர்க்கரை போட்டாலும் கசக்கும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், கட்டின வீட்டுக்குக் கோடையில் தண்ணீர் கொடுத்துப் பார் என்று மூன்றாவதாகவும் ஒன்றைச் சேர்த்திருக்கலாம்.

இவர்களில் பலர் துரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையிலோ, விமானத் தொழிற்சாலையிலோ, ஏதாவது ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகவோ இருந்து, பிராவிடண்டு பண்டையும் மனைவியின் நகையையும் கரைத்து முப்பதுக்கு நாற்பது மனை வாங்கியவர்கள். அல்லது அப்படி வாங்கியவர்களின் பிள்ளைகள். அதற்கு முன்னால் அவர்கள் இருந்தது ஒரே குழாய்க்குப் பத்துக் குடித்தனம் வரிசையில் நின்ற லைன் வீடுகளில். 'ஓனர் மோட்டார் போட மாட்டேன் என்கிறார்' என்று அந்த நாளில் புலம்பியவர்தான் இன்றைக்கு மோட்டார் சுவிட்சின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே தாம் இருந்துகொண்டு, வீட்டுக் கடனை அடைப்பதற்காக மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். மாடிக் குடித்தனக்காரரும் பெரும்பாலும் நம்மவரே.

அங்குலக் கணக்கு

தண்ணீர் லாரி வாசலில் வந்து நின்றால், டிரைவர் சொல்வதுதான் அளவு என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறவர்கள் ஏராளம். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள சம்ப்பில் தண்ணீர் ஓர் அங்குலம் ஏறினால் அது சுமார் 113 லிட்டர். ஆகவே 6,000 லிட்டர் என்று சொல்லி வந்த லாரி முழுவதும் இறங்கியபின் மட்டம் 4 அடி 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். நான்கடிதான் ஏறியது என்றால் 550 லிட்டருக்கும் மேல் குறைவு. கழியில் ஆணியால் கோடு கீறி வைத்துக் கொண்டால் போதும், சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. கழியைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றாலே லாரிக்காரர் குழாயைக் கடைசிவரை உதறிவிட்டுப் போவார். சம்ப்பின் அளவு வேறாக இருந்தால், நீளத்தையும் அகலத்தையும் அடிக் கணக்கில் பெருக்கி 2.36 ஆல் பெருக்கினால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைத்துவிடும்.

செலவுக் கணக்கும் இதே கழியில்தான் இருக்கிறது. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கம் வைத்திருக்கும் அளவு. கீழே ஐந்து பேர், மாடியில் நான்கு பேர் என்றால் 1,215 லிட்டர். கழியில் ஏறக்குறைய பதினோரு அங்குலம் தினமும் இறங்கும். ஒரு லாரி ஐந்து நாளுக்குக் கூட முழுசாக வராது. மாதத்துக்கு ஆறு லாரி. 2024 மார்ச்சில், ஒரு லாரிக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று கேட்டுக் கொண்டிருந்த சமயத்தில், மாவட்ட நிர்வாகம் தலையிட்டு 6,000 லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய், பத்து கிலோமீட்டர்வரை 750 ரூபாய் என்று விலை கட்டியது. அந்த விலையிலேயே வைத்துப் பார்த்தாலும் மாதம் 4,500 ரூபாய். பையனின் டியூஷன் பணம் அப்படியே சம்ப்புக்குள் போகிறது.

இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பதில்தான் வீடு இரண்டாகிறது. 'ஒப்பந்தத்தில் தண்ணீர் இலவசம் என்று சொல்லித்தானே சார் கொடுத்தீர்கள்?' என்கிறார் மாடிக்காரர். 'அப்போது போரில் தண்ணீர் இருந்தது, தம்பி' என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அம்மாமார்கள் இருவரும் காய்கறி வண்டியில் பார்த்தால் பேசிக்கொள்வது நின்று போகிறது. மாடியில் துணி துவைக்கும் மெஷின் ஓடும் சத்தம் கீழே இருப்பவர் காதில் காசு உதிரும் சத்தமாக விழுகிறது. தாம் பழைய ஓனரைப் பற்றி என்னவெல்லாம் பேசினோம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால் நல்லது.

ஓரிரு வீடுகளில் தலைக்கு இத்தனை என்று ஆள் எண்ணிக்கைப்படி பங்கு பிரித்துக் கொள்கிறார்கள். இன்னும் சிலர் மாடிக்குப் போகும் குழாயில் தனி மீட்டர் வைத்துவிட்டார்கள். மீட்டர் வைத்தபின் சண்டையும் குறைந்தது, செலவும் குறைந்தது என்பதுதான் அனுபவம். கண்ணுக்குத் தெரியும் எண்ணுக்கு அப்படி ஒரு சக்தி.

ஆயிரம் அடிக்குக் கீழே

போர் வற்றியதும் வீட்டுக்காரருக்கு வரும் முதல் யோசனை, இன்னும் ஆழமாக ஒன்று போட்டுவிடலாம் என்பது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். தேங்காய் எழுந்து நிற்கும் இடம் எப்போதும் வண்டி வந்து நிற்க வசதியான இடமாகவே இருப்பது ஓர் ஆச்சரியம்!

பெங்களூர் நிற்பது பாறைமேல். மேலே கொஞ்சம் மண், அதன்கீழ் கருங்கல். அந்தக் கல்லின் வெடிப்புகளில் தேங்கிய தண்ணீர்தான் போர்த் தண்ணீர். வெடிப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு ஆழம் போனாலும் கல்தூள்தான் வரும். முப்பதுக்கு நாற்பது மனைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போர் என்றால், எல்லாரும் ஒரே வெடிப்பிலிருந்து உறிஞ்சுகிறார்கள். ஒருவர் ஆயிரத்து இருநூறு அடி போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணூறு அடி நின்றுவிடுகிறது. 2024 கோடையில், அரசாங்கம் நகரில் போட்டிருந்த 13,900 போர்களில் 6,900 வற்றிவிட்டன என்று கர்நாடகத் துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமாரே சொன்னார். அரசாங்கத்துக்கே பாதிக்குப் பாதி என்றால், குமாஸ்தாவின் ஒற்றைப் போருக்கு என்ன ஜாமீன்? அதோடு, நகர எல்லைக்குள் புதிதாகப் போர் போடக் குடிநீர் வாரியத்தின் அனுமதி தேவை.

பெண்ணின் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த டிபாசிட்டை உடைத்து மூன்றாவது போர் போட்டு, தூள் பறந்ததைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர்கள் இந்தப் புறநகரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். போர் வண்டிக்காரருக்குத் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இத்தனை என்று கூலி உண்டு.

ஏறி வரும் காவிரி

இப்போது பல தெருக்களுக்குக் காவிரிக் குழாய் வந்திருக்கிறது. 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கென்றே போடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16இல் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். மண்டியா மாவட்டத்தில் மளவள்ளி பக்கம் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரம் மூன்று இடங்களில் பம்பு வைத்து ஏற்றப்பட்டுத்தான் அந்தத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆறு தானாக இறங்கி ஓடும் திசை ஒன்று, இங்கே மின்சாரம் அதை ஏற்றும் திசை வேறொன்று. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் வீட்டில் இது ஒரு சங்கடமான பேச்சு. ஊரில் அண்ணன் குறுவைக்குக் காத்திருப்பதும் அதே காவிரி, இங்கே தம்பி குழம்புக்கு ஊற்றுவதும் அதே காவிரி. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே கணக்கு வைத்தது. அண்ணன் போன் செய்தால் தம்பி அன்றைக்கு மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

குழாய் இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, மனைப் பத்திரங்களைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது என்று சிலர் இன்னும் ஒத்திப் போடுகிறார்கள். வாரியம் 2014க்குப் பிறகு 2025 ஏப்ரலில் கட்டணத்தை உயர்த்திய பின்னும், குறைந்த அளவு உபயோகிக்கும் வீட்டுக்கு வாரியத் தண்ணீர் லிட்டர் சுமார் ஒரு காசுதான். 750 ரூபாய் லாரித் தண்ணீர் லிட்டருக்குப் பன்னிரண்டரைக் காசு. கழிவுநீருக்கும் மற்றதற்கும் தனியாகச் சேர்த்துக் கொண்டாலும் ஒத்திப் போடுவதில் லாபம் இல்லை. ஆனால் இணைப்பு கிடைத்த வீட்டிலும் குழாய் தினமும் வருவதில்லை. முறை வைத்துத்தான் வருகிறது, அதுவும் சில தெருக்களில் நடுராத்திரியில். கோடையில் குடும்பம் முழுவதும் ஊருக்குக் கிளம்ப முடியாமல் ஒருவர் தண்ணீர்க் காவலுக்கு நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். ரயில் டிக்கெட்டை 60 நாளைக்கு முன்னால்தான் எடுக்கலாம் என்று 2024 நவம்பரிலிருந்து விதி வந்துவிட்டதால், மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே யார் போவது, யார் நிற்பது என்று தீர்மானம் செய்ய வேண்டியிருக்கிறது. வழக்கமாக நிற்பவர் பாட்டி. ஊரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்த தென்னைக்கு அரிசி கழுவின தண்ணீரையும் பாத்திரம் அலசின தண்ணீரையும் சுமந்து ஊற்றுவதும் அவர்தான்.

கூரைமேல் பெய்வது

இத்தனை பாடுக்கு நடுவில், தலைக்குமேலே ஒரு வாய்க்கால் ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி என்று வைத்துக் கொள்ளலாம். அதாவது 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் பெய்தால் ஒரு லிட்டர். பெங்களூரில் வருஷத்துக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்தியது, ஆவியானது எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு தள்ளினாலும் 72,000 லிட்டர் மிஞ்சும். 6,000 லிட்டர் லாரியில் இது பன்னிரண்டு லாரி.

1,200 சதுர அடி மனையில் புதிதாக வீடு கட்டினாலும், 2,400 சதுர அடி மனையில் பழைய வீடே இருந்தாலும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று 2009இல் வாரியத்தின் சட்டத்தைத் திருத்தினார்கள். செய்யாவிட்டால் தண்ணீர் பில்லில் அபராதம் ஏறும். அபராதத்துக்குப் பயந்து ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை ஒப்புக்கு வைத்துவிட்டு, அதன் குழாயைச் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை.

வேலை பெரிதல்ல. மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து, வாயில் வலை கட்டி, இடையில் மூடியுள்ள ஒரு கிளைக் குழாய் வைக்க வேண்டும். முதல் மழையின் அழுக்கு அந்த மூடி வழியே வெளியே போகட்டும். வெயிலுக்குப் பயந்து மாடியில் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இது இன்னும் அவசியம், முதல் தண்ணீர் மோராகத்தான் வரும். பிறகு மூடியை அடைத்தால் தண்ணீர் கூழாங்கல், மணல் போட்ட வடிகட்டி வழியாகச் சம்ப்புக்குப் போகும். சம்ப்பு நிரம்பி வழிவது சாக்கடைக்குப் போகாமல், சிமெண்ட் உறை இறக்கிய இருபதடிக் கிணற்றுக்குப் போனால் பூமியும் கொஞ்சம் குடிக்கும். பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் பெங்களூர்ப் பக்கம் இந்த வேலையை இப்போதும் கையாலேயே செய்கிறார்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஜெயநகர் ஐந்தாவது பிளாக்கில் வாரியம் பலவித மாதிரிகளை வைத்து ஒரு மழைநீர்ப் பூங்காவே அமைத்திருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் காய்ச்சிக் கொள்ள வேண்டும்.

இதை மார்ச்சில் முடித்திருக்க வேண்டும். ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும் என்பது பெங்களூர்க்காரர்களின் நம்பிக்கை. எல்லா வருஷமும் பலிப்பதில்லை. 2024இல் ஏப்ரல் முழுவதும் நகரில் ஒரு சொட்டு இல்லை, 28ஆம் தேதி வெயில் 38.5 டிகிரி போனது. மே பிறந்த பிறகுதான் வானம் இரங்கியது.

அப்படி இரங்கும் சாயங்காலம் எப்படி இருக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் புழுதிக் காற்று. உடனே கரண்ட் போகும். மொட்டை மாடியில் காய்ந்து கொண்டிருக்கும் வடாத்தையும் மிளகாயையும் அள்ள, பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு அம்மாமார்களும் ஒரே படியில் ஓடுவார்கள். வீட்டுக்காரர் குடையில்லாமல் குழாயடியில் நின்று, கலங்கல் போய்த் தெளிகிறவரை கையில் ஏந்திப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு மூடியை அடைப்பார். இருபது மில்லிமீட்டர் பெய்தால் போதும். மழை விட்டபின் டார்ச்சை எடுத்துக் கழியை இறக்கினால் ஓரடிக்குமேல் ஓர் அங்குலம் ஏறியிருக்கும். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரு நாள் தண்ணீர், கொசுறும் உண்டு.

மாடிப்படியில் பாதி இறங்கி வந்து மாடிக்காரரின் மனைவி கேட்கிறார்: 'அக்கா, நாளைக்கு மெஷின் போட்டுக்கலாமா?'