மேலே பார்த்தா தாத்தாவுக்கு ஏன் தலை சுத்துது?



சலூனில் முடிவெட்டி முடிந்ததும் ஒரு வேலை நடக்கும். பையன்களுக்கு நல்லாத் தெரியும். கடைக்காரர் ஒரு கையைத் தாடையிலும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைத்து, நாம எதிர்பார்க்காத நேரத்தில் டக்கென்று திருப்புவார். 'மளுக்'னு சொடக்கு விழும். எங்க தாத்தாவுக்கு அது விழாவிட்டால் முடிவெட்டிய திருப்தியே வராது. நாப்பது வருஷப் பழக்கம். இந்தக் கோடை லீவில் டாக்டர் அதை விடச் சொல்லிவிட்டார். தாத்தா கேட்பதாக இல்லை. அவருக்குச் சொல்லிப் புரிய வைக்க நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். முருங்கைக்காய் பறிக்க தொரட்டியைத் தூக்கிக்கிட்டு அண்ணாந்து பார்த்தவர், தலை சுத்துதுன்னு அப்படியே மண்ணில் உட்கார்ந்துட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, "கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கு" என்றார்கள். எலும்பு எப்படித் தேயும், அதென்ன செருப்பா என்று எனக்குச் சந்தேகம்.

நம்ம உயிரியல் லேபில் நிற்கும் எலும்புக்கூட்டைப் பாருங்கள். கழுத்தில் 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே 7 தான்! நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை இந்த ஏழும் நாள் முழுக்கத் தாங்குகின்றன. முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டு அந்த வளையத்துக்குள் நிற்கும். பாட்டி வீட்டுத் திருகையில் நடு முளையைச் சுற்றி மேல்கல் திரும்புமே, அதே மாதிரி. தலையை இடம் வலமாகத் திருப்புவதில் பாதி வேலை இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது.

இரண்டாவது எலும்புக்குக் கீழே ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு மெத்தை உண்டு. அதற்கு வட்டு என்று பெயர். உள்ளே கூழ், வெளியே நார் வளையம். குழந்தைக்கு அந்தக் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வயசாக வயசாகத் தண்ணீர் குறையும், வட்டு காய்ந்த வடை மாதிரி தட்டையாகும். பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைக்கணும். அதனால் கெட்டுப்போனால் சரியாவது ரொம்பக் கஷ்டம்.

வட்டு தட்டையானதும் எலும்புகள் நெருங்கி வரும். அப்போ ஓரங்களில் புதுசாக எலும்பு முளைக்கும், முள்ளு முள்ளாக. தாத்தாவின் எக்ஸ்ரேயில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளில் அது நல்லாத் தெரிந்தது. பேர் தேய்மானம், ஆனால் நடந்திருப்பது வளர்ச்சி!

இப்போ ரத்தக்குழாய்க்கு வருவோம். (பக்கத்தில் படம் வரைந்திருக்கிறேன். சிவப்பு பென்சில் தீர்ந்துவிட்டதால் ஆரஞ்சு. சிவப்புன்னு நினைச்சுக்குங்க.) கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் நாலு. முன்பக்கம் ரெண்டு. குரல்வளைக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிப்பது அதுதான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்க்காதீங்க, மயக்கம் வரலாம். பின்பக்கம் ரெண்டு. அவை போகிற வழிதான் ஆச்சரியம். கழுத்து எலும்புகளின் ரெண்டு பக்கமும் ஓட்டைகள் இருக்கின்றன. ஆறாவது எலும்பில் நுழைந்து, பாசிமணியில் நூல் கோத்த மாதிரி முதல் எலும்பு வரை ஏறி, அங்கே ஒரு வளைவு வளைந்து, மண்டைக்குள் போய் ரெண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. உடம்பு தள்ளாடாமல் நிற்க வைக்கும் சிறுமூளை, மூச்சைக் கவனிக்கும் மூளைத்தண்டு, பார்வைக்கான மூளையின் பின்பகுதி எல்லாம் இந்த ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன.

எங்க வீட்டு மோட்டாருக்குப் போட்ட பச்சை ஹோஸ் புதுசில் எப்படி வளைத்தாலும் வளையும். ரெண்டு வருஷம் வெயிலில் கிடந்த பிறகு வளைத்தால் வெடிக்கும். உள்ளே போர் தண்ணி உப்பு வேறு படிந்திருக்கும். தமனியும் அப்படித்தான். இழுபடும் நார்கள் அறுந்து சுவர் விறைக்கும், உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படியும். இன்னொரு சங்கடமும் உண்டு. வட்டுகள் தட்டையாகி கழுத்து குட்டையாகும், ஆனால் தமனி குட்டையாகாது. அதனால் அது நெளிந்து போகும். அந்த நெளிவுக்குப் பக்கத்தில் எலும்பு முள் நின்றால், தலையைத் திருப்பும்போது நசுங்கவும் கூடும்.

ஒரு பக்கம் நசுங்கினால் மறுபக்கத் தமனி சமாளித்துக்கொள்ளும். மூளைக்கு அடியில் தமனிகள் சேரும் ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. தாமஸ் வில்லிஸ் 1664-ல் அதை எழுதிவைத்தார். அவர் புத்தகத்துக்குப் படம் போட்ட கிறிஸ்டோபர் ரென் பிறகு லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர். ஆனால் பலருக்கு அந்த ரவுண்டானா முழுசாக இருக்காது, பின்தமனியில் ஒன்று பிறவியிலேயே ஒல்லியாக இருக்கும். அவர்களுக்குத்தான் ஆபத்து. 1993-ல் அமெரிக்க டாக்டர் ஒருவர், பியூட்டி பார்லரில் தலையைப் பின்னால் சாய்த்து ஷாம்பு போட்டுக்கொண்ட ஐந்து பெண்களுக்குப் பக்கவாத அறிகுறிகள் வந்ததை எழுதினார்.

மெதுவாகச் சாய்த்ததற்கே அப்படி என்றால், டக்கென்று திருப்பினால்? தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம். அபூர்வம்தான், ஆனால் வயசுப் பையன்களுக்கும் நடந்திருக்கிறது. அதனால் சொடக்குப் பழக்கம் நமக்கும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லணும். எல்லாத் தலைசுற்றலுக்கும் கழுத்து மேல் பழி போடக் கூடாது. 60 வயசு தாண்டியவர்களில் பெரும்பாலானோரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், அதில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. உள்காதில் இருக்கும் பொடிக் கற்கள் இடம் மாறினாலும் அண்ணாந்தால் சுத்தும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நின்றதும் சுத்தலாம். டாக்டர் தாத்தாவைப் படுக்க வைத்து, நிற்க வைத்து, பி.பி. பார்த்தார். காதையும் சோதித்தார். கடைசியில், "இதுதான்னு ஒண்ணை மட்டும் கைகாட்ட முடியாது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லி, மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்தார்.

ஆனால் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, ரெண்டு ரெண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கக் கை கால் துவண்டாலோ, எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் உடனே 108-க்குப் போன் பண்ணணும். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம்.

தாத்தாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். திருகை வரைக்கும் கேட்டார், பிறகு தூங்கிட்டார். மறுநாள் அந்தப் பழைய ஹோஸை எடுத்து அவர் முன்னால் வளைத்துக் காட்டினேன். படக்குனு வெடித்தது. "புது ஹோஸ் யாருடா வாங்குறது?" என்று மட்டும் கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் சலூனுக்குப் போனேன். முடிவெட்டி முடிந்ததும் கடைக்காரர் வழக்கம்போல் தாடையில் கை வைத்தார். தாத்தா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வேணாம்ப்பா, பேரன் ஹோஸ் பைப்பை எடுத்துட்டு வந்துருவான்" என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தோளில் ரெண்டு தட்டு தட்டி அனுப்பிவிட்டார்.

முருங்கைக்காய் பறிக்கிற வேலை இப்போ எனக்கு வந்துவிட்டது.

- 11 ஆம் வகுப்பு மாணவன், உயிரியல் பிரிவு