டிக்கெட் தொலைந்தாலும் நஷ்டஈடு உண்டு!
ரெயிலில் இருந்து விழுந்தவரின் குடும்பம் என்ன செய்யணும்?

மாலை 6 மணி. மாம்பலம் ரெயில் நிலையம்.

"தள்ளுப்பா... கொஞ்சம் உள்ளே போப்பா!"

தாம்பரம் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. உள்ளே மூச்சு விட இடமில்லை. துணிக்கடைப் பையன், கொத்தனார், காலேஜ் மாணவர் என்று பலரும் ஒற்றைக் காலைப் படியில் வைத்துத் தொங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அவசரம். வீட்டுக்குப் போகணும்!

கை நழுவினால்?

2018-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி பரங்கிமலையில் நடந்ததை சென்னை மறக்காது. மின்கம்பிக் கோளாறால் மின்சார ரெயில் வேறு பாதையில் திருப்பி விடப்பட்டது. படியில் தொங்கியவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய சுவரில் மோதி விழுந்தார்கள். சில வினாடிகளில் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன.

ரெயிலில் இருந்து விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். சட்டை கிழிந்திருக்கும். பர்சு எங்கே விழுந்ததோ! அப்போது வீட்டுக்காரர்களிடம் யாராவது சொல்வார்கள்: "டிக்கெட் இருக்கா? இல்லேன்னா ஒரு பைசா தேறாது!"

அதைக் கேட்டு மனம் உடைந்து, மனுவே போடாமல் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

யார் தப்பு என்ற கேள்வி இல்லை

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் 124-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994-ல் சேர்க்கப்பட்டது. பயணி ரெயிலில் இருந்து தவறி விழுந்தால், ரெயில்வே மீது தப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே நஷ்டஈடு தர வேண்டும்.

உயிர் போனால் 8 லட்சம் ரூபாய். (2017 ஜனவரி 1-ந்தேதிக்கு முன்பு இது 4 லட்சம்தான்.) இரண்டு கைகளும் போனாலும் 8 லட்சம். மற்ற காயங்களுக்கு, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பட்டியலே இருக்கிறது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கியவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

யாருக்குக் கிடையாது? தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்வது, குடிபோதை, புத்தி சுவாதீனம் இழந்து செய்த காரியம், சொந்தக் குற்றச்செயல், நோயால் வந்த சாவு ஆகியவற்றுக்கு இந்தப் பிரிவில் நஷ்டஈடு இல்லை. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபடுவது வேறு கதை. அது அத்துமீறல். ஜெயிலோ அபராதமோ கிடைக்கக்கூடிய குற்றம்!

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

கேரளாவில் ரெயிலில் ஏறும்போது விழுந்து ஒரு பெண் இறந்தார். "உள்ளே ஏறவே இல்லையே, நஷ்டஈடு எப்படி?" என்பது ரெயில்வேயின் வாதம். ஏற முயன்று விழுந்தாலும் நஷ்டஈடு உண்டு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

2018-ம் ஆண்டு மே மாதம் இன்னொரு தீர்ப்பு. டிக்கெட் கையில் இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது. இறந்தவர் எப்படிப் பயணம் செய்தார் என்று குடும்பத்தார் பிரமாண பத்திரத்தில் சொல்ல வேண்டும். அதன் பிறகு, "அவர் பயணியே இல்லை" என்று நிரூபிப்பது ரெயில்வேயின் பொறுப்பு. அஜாக்கிரதையாக இருந்தார் என்ற சாக்கும் செல்லாது.

அதற்காக டிக்கெட்டே எடுக்காமல் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிக்கெட் தொலைந்தவருக்குத்தான் இந்தத் தீர்ப்பு கை கொடுக்கும்.

முதல் நாள் முக்கியம்!

எந்த ரெயில், எங்கே ஏறினார், எங்கே விழுந்தார் என்பதை ஸ்டேஷன் மாஸ்டரிடமும் ரெயில்வே போலீசிலும் சொல்லி எழுத வைக்க வேண்டும். ரெயில்வே உதவிக்கு போன் நம்பர் 139. 'ரெயிலில் இருந்து விழுந்தார்' என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீசன் டிக்கெட், செல்போனில் எடுத்த டிக்கெட், கூட வந்தவரின் விலாசம் எல்லாமே சாட்சிதான்.

மனு போட வேண்டிய இடம் ரெயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனல். சென்னையிலும் அதற்கு பெஞ்ச் உண்டு. ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டணும். வக்கீல் வைக்கலாம், தாங்களே நின்றும் வாதாடலாம். தீர்ப்பு பாதகமானால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டுக்கு அப்பீல்.

"பாதிக்குப் பாதி கொடு, நான் முடிச்சுத் தரேன்" என்று வருகிற புரோக்கரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது! சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்ப்பதில்லை. புருஷனை இழந்த பெண் 15100-க்கு ஒரு போன் போட்டால் வழி சொல்வார்கள்.

8 லட்சம் வந்தாலும் போனவர் வரப்போவதில்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நிற்காது, வீட்டு வாடகை பாக்கி நிற்காது. அந்த உரிமையை, ஒரு துண்டு டிக்கெட் தொலைந்தது என்பதற்காக யாரும் விட்டுவிடக் கூடாது.

படியில் தொங்குகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அடுத்த ரெயில் வரும். அதில் போகலாம்!