யார் செய்த பாவம்?



சில மாதங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு தாயார் தன் மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பையனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, எங்கும் விழவில்லை. பரிசோதனையில் ஹீமோபிலியா என்று தெரியவந்தது. இரத்தம் எளிதில் உறையாத நோய் அது. மருத்துவர் சென்றபின் அந்தச் சகோதரி எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "ஐயா, என் வயித்துல சாபம் இருக்குன்னு மாமியார் சொல்றாங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதைத்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள் என்று யோவான் 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் பிள்ளைமேலும் பழி போடவில்லை, பெற்றவர்கள்மேலும் போடவில்லை. அதைச் சொல்லி ஜெபித்தபின், சரீரத்தின் அமைப்பையும் சற்று விளக்கினோம். அவர்கள் கணவர் சிப்காட்டில் வேலை செய்கிறவர். ஆகவே தொழிற்சாலையையே உவமையாக எடுத்துக்கொண்டோம்.

நம் சரீரம் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு சிறு தொழிற்சாலை. அதன் சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் செல்சவ்வு. மின்சாரம் தரும் பவர் ஹவுஸ் மைட்டோகாண்ட்ரியா. பொருள் செய்யும் இயந்திரங்கள் ரைபோசோம்கள். நடுவே தனிச் சுவரோடு ஓர் ஆபீஸ் அறை உண்டு, அதுவே உட்கரு. பாக்டீரியாவுக்கு இந்தத் தனி அறை இல்லை. செடிக்கும் காளானுக்கும் மிருகத்துக்கும் மனிதனுக்கும் சிருஷ்டிகர் அதைக் கொடுத்திருக்கிறார்.

அந்த அறைக்குள்தான் வரைபடங்கள் பத்திரமாக இருக்கின்றன. தகப்பனிடமிருந்து 23, தாயிடமிருந்து 23, ஆக 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நூல் புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. ஓர் உயிரணுவின் நூல் முழுவதையும் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். தாய் தந்த பங்கில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துக்கள். தகப்பன் பங்கிலும் ஏறக்குறைய அவ்வளவே. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு, அது தாய்வழியாக வருவது.

மூல வரைபடம் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. ஆர்.என்.ஏ. என்னும் நகல்தான் ரைபோசோமுக்குப் போகிறது. நகலில் உள்ளபடியே புரதம் தயாராகிறது. மூலத்தில் பிழை இருந்தால் பொருளிலும் பிழை வரும், அல்லது பொருளே உருவாகாது.

இரத்தம் உறைய உதவும் 'ஃபேக்டர் 8' என்னும் புரதத்தின் வரைபடம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் பெரும்பாலும் மற்றது ஈடுசெய்துவிடும். ஆணுக்கு ஒரே எக்ஸ். அதுவும் தாயிடமிருந்து வருவது. இப்பிழையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு உண்டு. அந்தத் தாய் எதையும் தெரிந்து செய்யவில்லை. நோயுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இந்நோய் இருந்ததில்லை. பிழை புதிதாகத் தோன்றியிருக்கிறது. இதில் சாபம் எங்கே இருக்கிறது?

மிஷன் ஊழியத்தில் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில், கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இரத்த மூல உயிரணுக்களை எடுத்து, சரியான மரபணுவை அவற்றுள் சேர்த்து, திரும்பச் செலுத்தினார்கள். அதன்பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு வேண்டியது ஃபேக்டர் ஊசி. அது தாமதமானால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது, தசையில் ஊசி போடக்கூடாது.

ஃபேக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் பையனைக் கொண்டுபோக வேண்டுமானால் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்தப் பயணச் செலவையும், தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் செய்யும் பரிசோதனையையும் உங்கள் காணிக்கை தாங்குகிறது.

அடுத்த முறை அந்தச் சகோதரி மாமியாரையும் அழைத்து வந்தார்கள். பாட்டியம்மா எல்லாவற்றையும் கேட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்து, பிறகு மருமகள் மடியிலிருந்த பேரனைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்