வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைப் பற்றி நம் மாணவ நண்பர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. அவர்கள் பெரும் பணக்காரர்களாக இருக்க வேண்டும். இல்லாவிடில் புத்தி சற்றுப் பிசகியவர்களாக இருக்க வேண்டும் என்பதே அது. நான் முதல் வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்பதை என் மெஸ் பாக்கிக் கணக்கே சொல்லும். இரண்டாவது வகையைப் பற்றி, இக்கட்டுரையைப் படித்த பின் நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு வங்காளி மூதாட்டி. அங்குள்ள மாணவர்கள் அனைவருக்கும் அவர் ‘மாஷிமா’. அதாவது அம்மாவின் சகோதரி. வீட்டுப் பின்புறக் கொட்டகையில் 1957-ஆம் வருஷத்து எம்.ஜி.ஏ. கார் ஒன்று பதினோரு வருஷமாக அசையாமல் நின்றிருந்தது. தேயிலைக் கம்பெனி வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து அவர் கணவர் வாங்கிய வண்டி. கணவர் காலமான பின் அதைத் தொட்டவர் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து வண்டியை எடைக்கு விலை பேசினார். அன்று மாலை மாஷிமா என்னைக் கூப்பிட்டு, “பாபா, நீ யந்திரம் படிக்கிற பிள்ளைதானே? துர்க்கா பூஜைக்குள் இது ஓடினால் வைத்துக்கொள்கிறேன். ஓடாவிட்டால் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இதற்காக என்னிடம் இருப்பது அறுபதாயிரம் ரூபாய்தான்” என்றார். பூஜைக்கு மூன்று மாதம் இருந்தது.

வண்டியைப் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன்கள் சிலிண்டரில் துருவேறி இறுகியிருந்தன. பேரிங்கு, காஸ்கெட், கிளச்சுத் தட்டு, நீர்ப் பம்பு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிரேக் ரப்பர்கள், டயர்கள் என்று ஜாபிதா நீண்டது. எம்.ஜி.ஏ. வண்டிகள் 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்டன. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. ஆகவே அதன் பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கும் கடைகள் அவ்விரு நாடுகளிலும் இன்றும் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு கடையின் விலைப் பட்டியலை எடுத்து, அனுப்பும் கூலியையும் சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டினேன். டயர் நீங்கலாகவே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியது!

அடுத்த நாள் மல்லிக் பஜாருக்குப் போனேன். கொல்கத்தாவில் மோட்டார் சாமான் என்றால் மல்லிக் பஜார்தான். முதல் கடையில், “எம்.ஜி.ஏ. காருக்குப் பிஸ்டன் இருக்கிறதா?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் சிரிக்கவில்லை. “வரவழைத்துத் தருகிறேன்” என்று சீமைக் கடையைவிட அதிகமாக ஒரு விலை சொன்னார். மூன்றாவது கடை வாசலில் உட்கார்ந்திருந்த வயதான மிஸ்திரி ஒருவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“பேட்டா, வண்டியின் பெயரைச் சொல்லாதே. சாமானை மேஜைமேல் வை. அளவைச் சொல். வண்டியின் பெயரைச் சொன்னால் இல்லை என்பார்கள். அல்லது உன் சட்டையைக் கழற்றுவார்கள்.”

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இக்கட்டுரையின் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது வானத்திலிருந்து குதித்ததன்று. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஒரு வண்டிக்காகத் தனி யந்திரமும் தனி டைனமோவும் செய்தால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. எனவே சாதாரணக் குடும்ப வண்டிகளின் பாகங்களை எடுத்து, சிறிது முறுக்கேற்றி, அழகான தகட்டு உடையைப் போர்த்தி விடுவார்கள். எம்.ஜி. என்பதன் விரிவே ‘மாரிஸ் காரேஜஸ்’ என்பதாகும். ஆஸ்டின், மாரிஸ் ஆகிய கம்பெனிகள் 1952-இல் ஒன்றாகி, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்று ஆயின. அதன் ‘பி சீரீஸ்’ யந்திரம் பல வண்டிகளில் பொருத்தப்பட்டது. அதில் 1489 சி.சி. கொள்ளளவுள்ளது எம்.ஜி.ஏ. வண்டிக்கும் போயிற்று, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டிக்கும் போயிற்று. அந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரீஸ்தான் நம் நாட்டில் அம்பாசடர் என்ற பெயரில், கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில், 2014 மே மாதம் வரை செய்யப்பட்டது.

அதாவது, சீமையில் நான் விலை விசாரித்துக் கொண்டிருந்த யந்திரத்தின் உடன்பிறப்பு எனக்குப் பத்து மைல் தூரத்தில் பிறந்திருக்கிறது! இரண்டுக்கும் சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர்.

இனி, தேடும் முறையை வகை வகையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, யந்திர பாகங்கள். அம்பாசடர் என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தப் பெயரில் டீசல் யந்திரமும் உண்டு, பின்னாளில் வந்த இசுஸு யந்திரமும் உண்டு. “பழைய 1489 பெட்ரோல்” என்று தெளிவாகக் கேட்க வேண்டும். துருவேறிய சிலிண்டரைப் பட்டறையில் ரீபோர் செய்தால் துளை சற்றுப் பெரிதாகும். அதற்கேற்ற பெரிய பிஸ்டன்கள் +20, +40 என்று குறிக்கப்பட்டு வரும். +20 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று பொருள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே துளையிட வேண்டும். இதை மாற்றிச் செய்து விழித்தவர்கள் பலர்.

இங்கே ஒரு நஷ்டமும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. எம்.ஜி.ஏ. யந்திரம் பெட்ரோல் கலவையை 8.3 மடங்கு அழுத்துவது. அம்பாசடரின் அழுத்தம் அதைவிடக் குறைவு. ஆகவே அதன் பிஸ்டனைப் போட்டால் வண்டியின் வேகம் சற்றுக் குறையும். மாஷிமாவிடம் இதைச் சொன்னேன். “நான் என்ன பந்தயத்துக்கா போகப் போகிறேன்?” என்றார். பந்தயத்துக்குப் போகிறவர்கள் இந்த யோசனையை ஏற்க வேண்டாம்.

இரண்டாவது, பேரிங்கும் எண்ணெய் சீலும். இவற்றுக்கு வண்டியே கிடையாது; அளவுதான் உண்டு. பந்து பேரிங்கின் விளிம்பில் 6204, 6205 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 04 என்றால் 20, 05 என்றால் 25. இக்கணக்கு 04 முதல்தான் பொருந்தும். பழைய ஆங்கில வண்டிகளில் அங்குல அளவுப் பேரிங்குகளும் வரும். அவற்றைக் காலிப்பரால் அளந்தே கேட்க வேண்டும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவு போதும். பம்பு செட்டு, விவசாய யந்திரம் ஆகியவற்றுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இவை மலிவாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது, மின்சார சாமான்கள். அக்காலத்து ஆங்கில வண்டிகளில் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியின் சாமான்களே இருக்கும். அதன் உலோக உடம்பிலேயே மாடல் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தேட வேண்டும். ஓர் எச்சரிக்கை: அவ்வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் இக்காலத்து வண்டியில் போல் இணைத்தால் சில சாமான்கள் கெடும். எம்.ஜி.ஏ. வண்டியில் இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றைத் தேடி அலையாமல், ஒரு பக்கத்துத் தொட்டியில் அடங்கும் சிறிய 12 வோல்ட் பாட்டரி ஒன்றை வைத்துவிட்டேன்.

நான்காவது, ரப்பர் குழாய்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. உப்பும், வெடிக்கும், ஒழுகும். ஆகவே பெட்ரோல் குழாய்கள் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் எத்தனால் தாங்கும் புதிய குழாயாக மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் பம்பின் டயாஃபிரத்துக்கும் இதே விதிதான். இந்தச் செலவு சிறிது, தவறினால் தீப்பிடிக்கும்.

ஐந்தாவது, பிரேக். இதில் நான் செய்த பிழையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எம்.ஜி.ஏ. வண்டியில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் சேர்த்து ஒரே வார்ப்பில் இரட்டைத் துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர் உண்டு. அம்பாசடரில் அது இல்லை. உள்ளிருக்கும் ரப்பர் கிண்ணங்கள் பார்வைக்கு நன்றாயிருக்கவே, கழுவித் துடைத்து அவற்றையே திரும்பப் போட்டேன். சுமார் மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்ற பெருமை எனக்கு. சோதனைக்காக வண்டியைக் கொட்டகைச் சரிவில் இறக்கினேன். முதல் மிதியில் பிரேக் பிடித்தது. இரண்டாவது மிதியில் பெடல் தரையைத் தொட்டது. வண்டி தானாக உருண்டு பலா மரத்தில் மோதி நின்றது. நல்ல வேளை, மாஷிமா துளசி மாடத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தார். மரத்துக்கும் மாடத்துக்கும் இடையே இரண்டு அடிதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே சீமைக் கடைக்குப் பணம் கட்டி, மாஸ்டர் சிலிண்டருக்கும் நான்கு சக்கரங்களுக்கும் உரிய ரப்பர்களை வரவழைத்தேன். தேய்ந்த சக்கர சிலிண்டர்களுக்கு லேத் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகு உறை போடச் செய்தேன். பிரேக் ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டும் கடை இங்கேயே இருக்கிறது. ஆகவே நண்பர்களே, வண்டியை ஓட வைக்கும் பாகத்தில் சிக்கனம் செய்யுங்கள். நிறுத்தும் பாகத்தில் செய்யாதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். கழற்றிய அசல் சாமான் எதையும் எறியக் கூடாது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. வண்டி பெரும்பாலும் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே வெட்டுவதும் ஒட்டுவதும் கூடாது. எதைப் பொருத்தினாலும் பின்னால் கழற்றக்கூடியதாகப் பொருத்த வேண்டும். பழைய பிஸ்டன்களைக்கூடத் துணியில் சுற்றிச் சீட்டெழுதி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு ரூ. 57,300. அதில் பிரேக்குக்கு மட்டும் ரூ. 13,000. டயருக்கு ரூ. 16,000, இரண்டு வண்டிக்கும் 15 அங்குலச் சக்கரமே ஆனதால் அதற்கும் அம்பாசடரே கை கொடுத்தது. மிஸ்திரி சாச்சா தம் கூலியாக வாங்கிக்கொண்டது மிகக் குறைவு. “இந்த யந்திரத்தைத் தொட்டு வெகு நாளாயிற்று” என்று மட்டும் சொன்னார்.

சாமான் பெட்டிகளை ஒழுங்கு செய்தபோது அவற்றின்மேல் இருந்த விலாசங்களைப் படித்தேன். பிஸ்டன் பெட்டியில் செம்பியம், சென்னை என்று இருந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனி 1949-இல் தொடங்கியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் பெட்டியில் பாடி, சென்னை என்று இருந்தது, லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் பிறந்தது. சொந்த ஊரில் பஸ்ஸில் போகும்போது பலமுறை கண்ட பெயர்ப் பலகைகள்! ஆபிங்டனில் பிறந்த வண்டிக்கு வேண்டிய சாமானை என் ஊரிலேயே செய்து வந்திருக்கிறார்கள் என்பது, அதைத் தேடிக் கொல்கத்தாவில் அலைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சப்தமி தினத்தன்று காலையில் வண்டி தெருவுக்கு வந்தது. மாஷிமா பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். பந்தலைச் சுற்றி ஒருமுறை மெதுவாகப் போய் வந்தோம். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும், “ஹாரனை ஒருமுறை அடி, பாபா” என்றார். அடித்தேன். “அவர் ஆபீசிலிருந்து வந்தால் இப்படித்தான் அடிப்பார்” என்று சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போனார்.

இரும்பு வியாபாரி லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் வந்து விசாரித்தாராம். வண்டி கடைக்குப் போயிருக்கிறது என்று பதில் கிடைத்ததாம். அது உண்மைதான், மீன் வாங்க நானும் மாஷிமாவும் அதில்தான் போயிருந்தோம்.

வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழிக் கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கிறேன். நம் சங்கத்து அன்பர்களில் யாருக்கேனும் ஊரில் தாத்தாவின் பழைய வண்டி ஏதாவது நின்றுகொண்டிருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை வந்து அதைப் பார்த்துப் போகலாம்.