இரு மரபின் கூட்டிசை
இருவேறு இசைமரபுகள் கூடுமிடத்து இரண்டும் இயல்பு கெடும் என்பார் உளர். 'சக்தி' குழுவினரின் இரண்டாம் இசைத்தட்டு, 1976இல் பதிவான 'எ ஹான்ட்புல் ஒவ் பியூட்டி', இக்கூற்றை ஆராய்தற்கு ஏற்றது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலினும், விக்கு விநாயகராம் கடமும், ஜாகிர் உசேன் தபேலாவும் வாசித்தனர். கிட்டார் வாசித்த ஆங்கிலேயர் ஜோன் மக்லாக்லின் ஜாஸ் இசையில் வல்லவர், எஸ். இராமநாதனிடம் கருநாடக இசை பயின்றவர். அவர் கிட்டாரில் மெட்டுகளுக்கிடையே பலகை குடையப்பட்டிருந்தமையால், வீணையிற்போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பித்தல் இயன்றது. முதல் உருப்படி கொன்னக்கோலுடன் தொடங்குகின்றது. பயிற்சிக்குரியதென நாம் கருதும் சொற்கட்டு ஆங்கே இசையாகவே நிற்கின்றது.

அயல்மரபினர் நம் இலக்கணத்தைக் கற்று, அதற்கேற்பத் தம் கருவியை அமைத்துக்கொண்டனர். ஆதலின் இயல்பைக் கெடுப்பது கலப்பன்று, கல்லாமையே என்க.