கள்ளந்திரிக்கு மேலே, கள்ளந்திரிக்குக் கீழே

மதுரை மாவட்டத்து விவசாயி தன் நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்துவதில்லை. இருபோகமா, ஒருபோகமா, மானாவாரியா என்பதையும் சேர்த்தே சொல்வார். இந்த மாவட்டத்தின் பூகோளம் அதிலேயே அடங்கிவிடுகிறது.

பெரியாறு அணையின் தண்ணீர் 1895-ஆம் ஆண்டு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வந்தது. அது வைகையோடு கலந்து, பேரணையில் பிரதான கால்வாய்க்குத் திரும்புகிறது. கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். பேரையூர், தே.கல்லுப்பட்டிக் கரிசலுக்கு மழைதான் கதி. அங்கே பருத்தியும் சோளமும் மானாவாரியில் விளைகின்றன. மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர் மாதங்களில் பூ குறையும்போது விலை ஏறும் என்பது மல்லிகை போட்டவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலூர்ப் பக்கத்து மலையடி ஊர்களின் கதை சற்று வேறு. அங்கே கண்மாய்க்கு நீர் தருவது குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஊற்றுகளும். அரிட்டாபட்டி சுற்றுவட்டாரத்தில் மட்டும் 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்பது அரசு தந்த கணக்கு. 2022-இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் குன்றுகளில் பழந்தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. அழகர்மலைக் குகையில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகளுக்குத் தானம் கொடுத்த வணிகர்களைப் பற்றிய செய்தி வெட்டப்பட்டுள்ளது. உப்பு வணிகன், அறுவை வணிகன் ஆகியோரோடு ஒரு கொழு வணிகனும் இருக்கிறான். கலப்பைக்குக் கொழு விற்றே தானம் செய்யும் அளவுக்குச் சம்பாதித்திருக்கிறான் என்றால், அன்றைக்கு இங்கே எத்தனை ஏர் ஓடியிருக்க வேண்டும்!

2024 நவம்பரில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. சுமார் 5,000 ஏக்கர். குன்று போனால் ஓடை போகும், ஓடை போனால் கண்மாய் போகும் என்பதை மலையடி விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 9-இல் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு.

ஏலம் ரத்தான செய்தி ஜனவரி 23-ஆம் தேதி வந்தது. அன்று தை 10. ஒருபோக வயல்களில் அறுப்புக் காலம்.