அந்தக் குட்டி மாத்திரையை எப்படி எடுக்கணும், எப்படி நிறுத்தணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

பதட்டம் பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணை இன்னிக்கு எடுத்துக்கறேன். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. விஷயத்தை மட்டும் சொல்றேன்.

"8 மாசம் முன்னாடி பேனிக் அட்டாக் வந்தது. டாக்டர் அல்ப்ரஸோலம் 0.5, ராத்திரி ஒண்ணுன்னு 15 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நல்லா தூக்கம் வந்தது. அதே சீட்டைக் காட்டியே இத்தனை நாளா வாங்கிட்டிருந்தேன். இப்போ மெடிக்கல் ஷாப்ல புது சீட்டு இல்லாம தர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கையில 4 மாத்திரைதான் இருக்கு. தீர்ந்ததும் அப்படியே நிறுத்திடலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். வேண்டாம். 8 மாசம் தினமும் எடுத்த அல்ப்ரஸோலமைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. அந்த 4 மாத்திரை தீர்றதுக்குள்ள ஒரு டாக்டரைப் பார்க்கணும். ஏன்னு இனிமே பார்க்கலாம்.

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். அதனால யாருக்கு எவ்வளவு டோஸ்னு இங்கே சொல்லப் போறதில்லை. மாத்திரை எப்படி வேலை செய்யுது, எங்கே ஆபத்து வரும், டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு மட்டும் பேசறேன்.

இது என்ன வகை மாத்திரை?

அல்ப்ரஸோலம், குளோனஸிபாம், லொராஸிபாம், டயஸிபாம். பேரு வேற வேறயா இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம். பென்ஸோடையஸிபின்னு சொல்வாங்க. லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர் ரோஷ் கம்பெனியில கண்டுபிடிச்ச லிப்ரியம்தான் இந்தக் குடும்பத்துல முதல் ஆள். 1960-ல விற்பனைக்கு வந்தது. 1963-ல வேலியம், அதாவது டயஸிபாம். அல்ப்ரஸோலம் 1981-ல அமெரிக்காவுல ஸானாக்ஸ்ங்கிற பேர்ல அனுமதி வாங்கிச்சு.

நம்ம மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு. நரம்பு செல்களோட வேகத்தைக் குறைக்கிறதுதான் அதோட வேலை. வண்டிக்கு பிரேக் மாதிரி. இந்த மாத்திரை புதுசா பிரேக் எதையும் மாட்டறதில்லை. ஏற்கெனவே இருக்கிற பிரேக்கை நல்லா அழுத்திப் பிடிக்க வைக்குது. அதனாலதான் அரை மணி, ஒரு மணி நேரத்துல படபடப்பு அடங்குது.

சிக்கல் தினமும் எடுக்கும்போது ஆரம்பிக்குது. பிரேக் எப்பவும் கூடுதலா பிடிச்சுட்டே இருந்தா, மூளை அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கும். வண்டி ஓடணுமே, அதனால ஆக்சிலரேட்டரை ஏத்தி வெச்சுக்கும். அந்த நிலைமையில மாத்திரையைத் திடீர்னு எடுத்துட்டா பிரேக் பழைய அளவுக்கு வந்துடும், ஆனா ஆக்சிலரேட்டர் மேலயே நிக்கும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமே வராம இருக்கிறது, முன்னாடி இருந்ததைவிட மோசமான பதட்டம் எல்லாம் வரலாம். சிலருக்கு வலிப்பு வரும். அது உயிருக்கே ஆபத்து.

இங்கே ஒரு குழப்பமும் இருக்கு. ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்துட்டு, "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியல, என் வியாதி அப்படியே இருக்கு"ன்னு நினைச்சுக்குவோம். அது பழைய வியாதியா இல்லாம, மாத்திரையை விட்டதோட விளைவாவே இருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க நம்மால முடியாது, டாக்டரால முடியும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைத் தாண்டாம எடுத்தவங்களுக்கும் இந்த உடல் சார்பு வரும். அதுக்காக யாரும் தன்னை 'அடிக்ட்'னு திட்டிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. 2020-ல இந்தக் குடும்பத்து மாத்திரைகள் எல்லாத்துக்கும் கட்டம் கட்டின எச்சரிக்கையைப் புதுப்பிச்சபோது, உடல் சார்பையும் நிறுத்தும்போது வர்ற விளைவுகளையும் அதுல சேர்த்தாங்க.

ராத்திரி போட்டது காலையில எங்கே போச்சு?

இது நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச கணக்கு. ஒரு மருந்து ரத்தத்துல பாதியா குறைய எடுக்கிற நேரத்தை அரை ஆயுள்னு சொல்வாங்க. அல்ப்ரஸோலமுக்கு சராசரியா 11 மணி நேரம். ராத்திரி 10 மணிக்குப் போட்டா, காலையில 9 மணிக்குப் பாதி இன்னும் உள்ளே இருக்கு. அந்த நேரத்துலதான் நாம ஓ.எம்.ஆர்.ல பைக்ல போயிட்டிருப்போம். சாயங்காலம் 8 மணிக்கும் கால்வாசி மிச்சம். "மாத்திரை நேத்துதானே, பீர் இன்னிக்குதானே"ங்கிற கணக்கு ஏன் தப்புன்னு இப்போ புரியுதா?

குளோனஸிபாம் இன்னும் மெதுவா வெளியேறும், 30-லிருந்து 40 மணி நேரம். 35-னு வெச்சுக்குவோம். தினமும் ஒண்ணு போட்டா, நேத்து போட்டதுல 60 சதவீதத்துக்கு மேல மிச்சமிருக்கும்போதே அடுத்தது உள்ளே போகுது. ஒரு வாரத்துல, மாத்திரை போட்டவுடனே உடம்புல இருக்கிற அளவு ஒரு மாத்திரையைப் போல ரெண்டரை மடங்கைத் தாண்டிடும். முதல் நாள் ஒண்ணும் தெரியல, ஏழாவது நாள் மந்தமா இருக்குன்னா காரணம் இதுதான்.

அளவு விஷயத்துலயும் ஏமாந்துடாதீங்க. 0.25-னு எழுதியிருக்கிறதைப் பார்த்து "சும்மா கால் மாத்திரைதானே"ன்னு தோணும். பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டுக் கணக்குப்படி 0.25 மி.கி. அல்ப்ரஸோலம் ஏறக்குறைய 5 மி.கி. டயஸிபாமுக்குச் சமம். ஒரு மருந்தோட மி.கி.யை இன்னொரு மருந்தோட மி.கி.யோட ஒப்பிடறதுல அர்த்தமே இல்லை.

எதோட சேர்க்கக் கூடாது?

முதல்ல மது. அதுவும் இதே பிரேக்கைத்தான் அழுத்தும். ரெண்டும் சேர்ந்தா மூச்சு மெதுவாகி நின்னே போகலாம். பார்ட்டிக்கு முன்னாடி நடுக்கம் போகணும்னு ஒண்ணு போட்டுட்டுப் போற பழக்கம் இருந்தா இன்னியோட விடுங்க.

ரெண்டாவது, ஓபியாய்டு வகை வலி மருந்துகள். ட்ரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாம் இந்த வகை. இதுலயும் மூச்சு அடங்கற ஆபத்துதான். 2016-லயே எஃப்.டி.ஏ. இதுக்குத் தனியா எச்சரிக்கை கொடுத்தது.

மூணாவது நிறைய பேருக்குத் தெரியாது. படர்தாமரைக்கு ஸ்கின் டாக்டர் இட்ராகொனஸோல் காப்ஸ்யூல் எழுதுவாங்க. அல்ப்ரஸோலமை உடைச்சு வெளியேத்தற கல்லீரல் நொதியை அந்த மருந்து முடக்கிடும். நீங்க போட்டது அதே 0.5-தான், ஆனா உடம்புல அளவு எகிறிடும். இந்த ரெண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கும் இதே மாதிரி அளவைக் கூட்டும். எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், "நான் அல்ப்ரஸோலம் எடுக்கறேன்"னு சொல்லிடுங்க.

நாலாவது, சளி மாத்திரை. குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் மாதிரி தூக்கம் வர வைக்கிறதோட சேர்ந்தா மந்தம் கூடும். அன்னிக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

அப்புறம், ஒளிஞ்சிருக்கிற மாத்திரை. நம்ம ஊர்ல கூட்டு மருந்துகள் நிறைய. எஸ்ஸிடலோப்ராமோட குளோனஸிபாமைச் சேர்த்து ஒரே மாத்திரையா விக்கிறாங்க. வயித்து வலிக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள்ல குளோர்டையஸிபாக்ஸைடு இருக்கும், அதாவது அதே பழைய லிப்ரியம். அதனால பிராண்ட் பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. ரெண்டு அட்டைகள்ல ஒரே குடும்பம் இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க.

மெடிக்கல் ஷாப்காரர் ஏன் மறுத்தார்?

அவர் மேல கோவப்படாதீங்க. அல்ப்ரஸோலம் ஷெட்யூல் எச்1 பட்டியல்ல இருக்கு. 2014 மார்ச் 1-லிருந்து நடைமுறையில இருக்கிற விதி அது. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. வித்தா, எழுதின டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாத்தையும் தனிப் பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். 15 நாளைக்கு எழுதின சீட்டுல 8 மாசம் வாங்க முடிஞ்சதுதான் தப்பு. இன்னிக்கு மறுத்தவர் சரியாத்தான் செஞ்சிருக்கார்.

அடுத்து, நண்பர்கள் வழியா வர்ற அட்டை. "மச்சான், ரிலீஸ் நைட் டென்ஷனா? இந்தா ஒண்ணு போடு." இதை நானும் கேட்டிருக்கேன், நீங்களும் கேட்டிருப்பீங்க. அவனுக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்கும்னு இல்லை. தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சினை, நுரையீரல் கோளாறு, கர்ப்பம், பாலூட்டறது, இதெல்லாம் இருந்தா கணக்கே வேற. வீட்லயும் அப்படித்தான். தூக்கம் வரலைன்னு அம்மா சொன்னதும் நம்ம அட்டையிலிருந்து ஒண்ணு கொடுத்துடறோம். வயசானவங்களுக்கு இது குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். நடுராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு உடையறது அப்படித்தான் நடக்குது.

அப்போ இந்த மாத்திரையே கெட்டதா?

இல்லை. கடுமையான பேனிக் நேரத்துல, ஒரு நெருக்கடி வாரத்துல, இது ரொம்ப உதவியான மருந்து. எஸ்ஸிடலோப்ராம் மாதிரி மருந்துகள் வேலை செய்ய 2-லிருந்து 6 வாரம் ஆகும். அதுவரைக்கும் தாங்கறதுக்குப் பாலமா இதைக் கொடுப்பாங்க. பேச்சு சிகிச்சை, குறிப்பா சி.பி.டி., பதட்டத்துக்கு நல்லா வேலை செய்யும், ஆனா அதுக்கும் வாரங்கள் ஆகும்.

நம்ம பாஷையில சொன்னா, இது ஹாட்ஃபிக்ஸ். புரொடக்‌ஷன் விழுந்து கிடக்கும்போது ஹாட்ஃபிக்ஸ் போடறதுல தப்பே இல்லை. அதை எப்போ எடுக்கணும்னு யாரும் டிக்கெட் போடாம விட்டா, ரெண்டு வருஷம் கழிச்சும் அது அங்கேயே இருக்கும், கை வைக்க எல்லாரும் பயப்படுவாங்க. அதனால மாத்திரையை முதல் தடவை எழுதும்போதே டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. இது எத்தனை நாளைக்கு? தினமுமா, தேவைப்படும்போது மட்டுமா? நான் எடுக்கிற மத்த மருந்துகளோட ஒத்துப்போகுமா? எப்போ, எப்படி நிறுத்தப் போறோம்? இதைக் கேட்டா நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

அந்த 4 மாத்திரைக்கு வருவோம்

மெசேஜ் அனுப்பினவங்களுக்கு இப்போ சொல்றேன். பழைய சீட்டு, காலி அட்டை ரெண்டையும் எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க. முதல்ல எழுதினவரே கிடைச்சா நல்லது. இல்லைன்னா மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவுக்குப் புறநோயாளி சீட்டு போட்டுப் போகலாம். "8 மாசமா தினமும் எடுத்தேன்"ங்கிறதை மறைக்காம சொல்லுங்க. குறைச்சுச் சொன்னா டாக்டர் போடற கணக்கும் தப்பாகும்.

அவர் மெதுவா குறைப்பார். 2025-ல வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டி, 2-லிருந்து 4 வாரத்துக்கு ஒருமுறை 5-லிருந்து 10 சதவீதம் குறைக்கறதை யோசிக்கச் சொல்லுது. உங்க 0.5-ல 10 சதவீதம்னா 0.05. மாத்திரையைப் பாதியா உடைச்சா ஒரே அடியில 50 சதவீதம் போயிடும். யூடியூப் பார்த்து வீட்லயே குறைக்க முடியாதுன்னு நான் சொல்றது இதனாலதான். சில டாக்டர்கள் டயஸிபாம் மாதிரி மெதுவா வெளியேறுற மருந்துக்கு மாத்தி, அங்கிருந்து சின்னச் சின்னப் படியா இறக்குவாங்க. எஸ்.ஆர்.னு போட்ட மாத்திரையா இருந்தா உடைக்கவே கூடாது. மாசக்கணக்கு ஆகலாம், நடுவுல சில வாரம் கஷ்டமாவும் இருக்கலாம். ஆனா இறங்கி வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். நம்ம ஊர்ல 'கீழ்ப்பாக்கம்'னு சொன்னாலே கிண்டல். சினிமா காமெடியிலிருந்து ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப் வரைக்கும். அந்தக் கிண்டலுக்குப் பயந்து மனநல மருத்துவர் வாசலை மிதிக்காதவங்கதான், பழைய சீட்டை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டு மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பா ஏறி இறங்கறாங்க. பல்லு வலிக்கு யாரும் அப்படிப் பண்றதில்லையே.

உடனே பேச ஆள் வேணும்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். யாராவது மாத்திரையும் மதுவும் சேர்த்து எடுத்து எழுப்ப முடியாம கிடந்தா, மூச்சு மெதுவா இருந்தா, வலிப்பு வந்தா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்குப் போன் பண்ணுங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க. என்ன எடுத்தாங்கன்னு தெரிய அந்த அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

பேச்சு சிகிச்சையில உண்மையில என்ன நடக்குதுன்னும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அடுத்த எபிசோட் அதுதான். அதுவரைக்கும் வீட்ல இருக்கிற மருந்து டப்பாவைத் திறந்து, அட்டைகளோட பின்பக்கத்தை ஒரு தடவை படிச்சுப் பாருங்க.